பீப்பாய் ஒரு பக்கம், பார் ஒரு பக்கம்: சிறு பர்பன் ஆலைக்கு எந்த மாநிலம் தோது?

மக்காச்சோளத்தை அரைத்து, ஊறல் போட்டு, காய்ச்சி, பீப்பாயில் ஊற்றி மூடிய அன்றைக்கே, பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியைச் செய்யும் ஆலைக்காரரின் செலவில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. வரவோ இரண்டு வருஷமோ நாலு வருஷமோ கழித்துத்தான். பர்பனுக்குக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும், அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். ஆனால் லேபிளில் ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட இரண்டு வருஷம் ஆக வேண்டும். நாலு வருஷத்துக்குக் குறைவென்றால் வயதைச் சொல்லியாக வேண்டும். 1897ஆம் வருஷச் சட்டம் தரும் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ முத்திரை வேண்டுமென்றால் முழுசாக நாலு வருஷம்.

அதுவரை வாடகையும் சம்பளமும் எங்கிருந்து வரும்? சின்ன ஆலைகள் கண்டுபிடித்த வழி, ஆலையை ஒட்டியே ஒரு பார். கணக்கு எளிது. 750 மில்லி பாட்டிலில் ஒன்றரை அவுன்ஸ் வீதம் பதினாறு கோப்பை தாராளமாக வரும். கோப்பை 12 டாலர் என்று வைத்துக்கொண்டால் 192 டாலர். அதே பாட்டிலைக் கடையில் 50 டாலருக்கு விற்றால், கடைக்காரர் பங்கும் மொத்த வியாபாரி பங்கும் போக மிஞ்சுவதுதான் ஆலைக்கு.

ஆனால் 1933ல் தேசிய மதுவிலக்கு ஒழிந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு இதற்கு நேர் எதிர். தயாரிப்பவர் தனி, மொத்தமாக விற்பவர் தனி, சில்லறையில் விற்பவர் தனி. ஒருவர் அடுத்தவர் வேலையில் கை வைக்கக் கூடாது. ஆலையோடு சேர்ந்த பார் என்பது இந்தச் சுவரில் போட்ட ஓட்டை. எந்த மாநிலம் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டது என்பதில்தான் வித்தியாசம். கெண்டக்கி, நியூயார்க், டெக்சஸ், வர்ஜீனியா ஆகிய நாலையும் ஆலை நடத்துகிறவரின் இடத்திலிருந்து பார்க்கிறேன். குடிக்க வருகிறவர் பார்வை வேறாக இருக்கலாம்.

முதலில் நாலுக்கும் பொதுவான மத்திய அரசுச் சட்டம். டிடிபி எனப்படும் மத்திய மது, புகையிலை வரி அலுவலகம் தரும் ஆலை உரிமத்துக்குக் கட்டணமே இல்லை. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கும்போதே இடமும் கருவிகளும் கையில் இருக்க வேண்டும் என்பதால், உரிமம் வரும்வரை காலிக் கட்டடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் எங்கே காய்ச்சக் கூடாது என்று ஒரு பட்டியல்: வீட்டில் கூடாது, வீட்டை ஒட்டிய கொட்டகையில் கூடாது, கப்பலில் கூடாது. மது சில்லறையில் விற்கும் இடத்திலும் கூடாது. ஆக, பாரும் சரக்கு காய்ச்சும் கொதிகலனும் ஒரே இடத்தில் இருப்பதை அடிப்படைச் சட்டமே தடுக்கிறது. இதற்கு வழி, வரைபடத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக் காட்டி அனுமதி வாங்குவது. கோட்டுக்கு ஆலைப் பக்கம் இருக்கும்வரை சரக்குக்குக் கலால் வரி இல்லை. கோட்டைத் தாண்டி பார் பக்கம் வருகிற சரக்குக்கு வரிக்கணக்கு எழுதியாக வேண்டும். 1980க்கு முன்னால் கிடங்குப் பூட்டின் சாவி அரசு அதிகாரியிடமும் இருந்தது. அவர் வராமல் கதவு திறக்காது. இப்போது சாவி ஆலைக்காரரிடம், கணக்குப் புத்தகம் அரசுக்கு.

அந்த வரி முன்பெல்லாம் ப்ரூஃப் காலனுக்கு 13.50 டாலர். பாதிக்குப் பாதி ஆல்கஹால் உள்ள ஒரு காலன்தான் ப்ரூஃப் காலன். 2018லிருந்து முதல் ஒரு லட்சம் ப்ரூஃப் காலனுக்கு 2.70 டாலராகக் குறைத்து, 2020 கடைசியில் அதை நிரந்தரமாக்கினார்கள். 50 சதவீத பர்பன் 750 மில்லிக்குக் கணக்குப் போட்டால் முன்பு சுமார் 2.67 டாலர், இப்போது 53 சென்ட். சின்ன ஆலைகள் இன்று மூச்சு விடுவதற்கு எந்த மாநிலச் சட்டத்தையும் விட இது பெரிய காரணம் என்பேன்.

சரி, மாநிலங்களுக்கு வருவோம்.

கெண்டக்கி பர்பனின் தாய்வீடு. அங்கே எல்லாம் தாராளமாக இருக்கும் என்று நினைப்போம். ஆலையிலேயே காக்டெயில் விற்க அங்கே வழி பிறந்தது 2016ல்தான். அதற்கு முன்னால் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு மாதிரியாக ஒரு அவுன்ஸ். 2016 சட்டம் அதையும் 1.75 அவுன்ஸ் ஆக்கியது. இத்தனைக்கும் மேலே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாரியான மதுவிலக்கு வேறு. மாநிலம் தரும் உரிமத்தை உள்ளூர் வாக்கெடுப்பு செல்லாக்காசாக்கிவிடும். பெயரிலேயே பர்பன் உள்ள பர்பன் கவுண்டியில், தேசிய மதுவிலக்குக்குப் பின் முதல் ஆலை திறந்தது 2014ல், பாரிஸ் என்ற ஊரில். ஏறத்தாழ நூறு வருஷ இடைவெளி.

இன்னொரு தலைவலி, பீப்பாய் வரி. கிடங்கில் சும்மா ஊறிக்கொண்டிருக்கும் பீப்பாய்க்கும் கெண்டக்கியில் வருஷாவருஷம் சொத்து வரி உண்டு. விற்காத சரக்கு, அதுவும் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும் சரக்கு, அதற்கு வரி. 2023ல் போட்ட சட்டப்படி 2026லிருந்து படிப்படியாகக் குறைந்து 2043ல் ஒழியும். இன்று ஆலை தொடங்குகிறவரின் பிள்ளைக்குப் பயன்படும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு கெண்டக்கியை ஒதுக்க முடியாது, கூட்டம் அங்கேதான். ஆலை ஆலையாகச் சுற்றிக் காட்டும் பர்பன் பாதை என்ற சுற்றுலாவுக்கு வந்தவர் கணக்கு 2022ல் இருபது லட்சத்தைத் தாண்டியது. சிறு ஆலைகளுக்கென்று தனிப் பாதையை 2012லேயே போட்டுவிட்டார்கள். பெரிய ஆலையைப் பார்க்க வந்தவர் பக்கத்துச் சின்ன ஆலையிலும் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகிறார். லெக்சிங்டனில் மான்செஸ்டர் தெருவில் பாழடைந்து கிடந்த ஜேம்ஸ் பெப்பர் ஆலை வளாகத்தில் பேரல் ஹவுஸ் என்ற சிறு ஆலை 2008ல் வந்தது, பின்னாளில் ஒட்டினாற்போல ஒரு டேவர்னும், அதாவது மதுவிடுதியும். பர்பன் ஊறும் நேரத்தில் அவர்கள் விற்றது வோட்காவும், பீப்பாயில் ஊறாத மூன்ஷைனும். காய்ச்சிய மறுவாரமே பாட்டிலில் ஊற்றலாம் என்பதால் எல்லாச் சின்ன ஆலைகளும் செய்கிற வேலைதான் இது.

கெண்டக்கியில் இன்னொரு வசதி, அடுத்தவர் காய்ச்சியதை வாங்கி உன் பெயரில் விற்கலாம். இண்டியானாவில் லாரன்ஸ்பர்க் ஊரின் பெரிய ஆலை இதற்கே பேர்போனது. லேபிளில் உண்மையைச் சொல்ல வேண்டும், ‘கெண்டக்கி’ என்று போடக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு அங்கேயே காய்ச்சி ஒரு வருஷமாவது அங்கேயே ஊறியிருக்க வேண்டும்.

இந்த வசதிக்கு நியூயார்க்கின் பண்ணை ஆலை உரிமத்தில் இடமில்லை, அதனாலேயே அங்கே பார் சுவாரசியமாக இருக்கிறது.

கதை கார்டினர் ஊரில் தொடங்குகிறது. ரால்ஃப் எரென்சோ மலையேற்றக்காரர். பாறை ஏறுகிறவர்கள் தங்க முகாம் போடலாம் என்று பழைய மாவு மில் நிலத்தை வாங்கினார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். முகாம் நடக்கவில்லை, அந்த இடத்தில் டட்டில்டவுன் ஆலை வந்தது. பிரையன் லீயோடு சேர்ந்து அவர் காய்ச்சிய ஹட்சன் பேபி பர்பன் சின்னஞ்சிறு பீப்பாயில் ஊறி, அரை பாட்டிலில் விற்றது. சிறு பீப்பாயில் மரமும் சரக்கும் உரசுவது அதிகம் என்பதால் நிறம் சீக்கிரம் ஏறும். சுவையும் அதே அளவு ஏறும் என்று நான் நம்பவில்லை, அது வேறு விவாதம். 2007ல் வந்த பண்ணை ஆலைச் சட்டத்துக்கு எரென்சோவின் அலைச்சலும் ஒரு காரணம். மூலப்பொருளில் 75 சதவீதமாவது நியூயார்க் மாநில விளைச்சலாக இருந்தால் பண்ணை உரிமம். அதோடு ஆலையிலேயே பாட்டில் விற்கலாம். 2014 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டம் அடுத்த கதவைத் திறந்தது, கோப்பையிலும் விற்கலாம் என்று. உற்பத்தி உச்சவரம்பு வருஷத்துக்கு 75,000 காலன். சாப்பாட்டுக்கும் பெரிய சமையற்கட்டு தேவையில்லை.

நிபந்தனை ஒன்றுதான், பாரில் ஊற்றுவது நியூயார்க்கில் செய்ததாக இருக்க வேண்டும். உன் பர்பன், அடுத்த ஊரான் ஜின், ஏரிக்கரை வைன், உள்ளூர் சைடர், பியர், எல்லாம் சரி. இத்தாலிய கசப்பு மதுவான கம்பாரி ஆகாது, மூலிகை சேர்த்த வைனான பிரெஞ்சு வெர்மூத் ஆகாது. பவுல்வார்டியே என்ற காக்டெயில் ஒன்று கலக்க வேண்டுமென்றால் பர்பனோடு கசப்பு மதுவும் இனிப்பு வெர்மூத்தும் வேண்டும். இரண்டையும் நியூயார்க்குக்குள்ளேயே தேட வேண்டும். தேடியவர்களுக்காகவே செய்கிறவர்களும் வந்தார்கள். புரூக்ளினில் செயின்ட் அக்ரெஸ்டிஸ் கசப்பு மது செய்கிறது, வெர்மூத்துக்கும் உள்ளூரில் ஆள் உண்டு. பர்பனில் சர்க்கரையும் சில சொட்டு பிட்டர்ஸும் சேர்க்கும் ஓல்ட் ஃபேஷண்ட் மட்டும் தப்பித்தது. அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் டிரினிடாட் சரக்கு, அதில் ஆல்கஹாலும் நிறைய. ஆனாலும் குடிக்கும் மது என்ற கணக்கில் அது வராது. சமையலறை வனிலா எசென்ஸ் மாதிரிதான். எவ்வளவு சொட்டினாலும் கேள்வி இல்லை.

கிங்ஸ் கவுண்டி ஆலையை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். கெண்டக்கியின் ஹார்லனில், மதுவிலக்கு கவுண்டியில் வளர்ந்த கொலின் ஸ்போல்மன், டேவிட் ஹாஸ்கெல்லோடு சேர்ந்து 2010ல் புரூக்ளினில் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் புரூக்ளின் கடற்படைத் தளத்தின் பழைய சம்பளப் பட்டுவாடா கட்டடத்துக்கு மாறியது. தளத்தின் வாசல் காவல் வீட்டில் அவர்கள் பார். இதே தளத்துப் பக்கத்துத் தெருக்களில்தான் 1869க்குப் பின் சில வருஷம் மத்தியப் படையினர் இறங்கி, வரி கட்டாத ஐரிஷ் சாராயக் கொட்டகைகளை உடைத்தார்கள். இப்போது அங்கே வரி கட்டிக் காய்ச்சி, டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

நியூயார்க் பண்ணை உரிமத்தின் குறை, வெளிச்சரக்கைக் கொண்டுவந்து முதல் மூன்று வருஷத்தை ஓட்ட முடியாது. சொந்தமாகக் காய்ச்சியே ஆக வேண்டும். பணம் கம்மியாக உள்ளவருக்கு இது கஷ்டம். ஆனால் மாநகரத்தில் வாசலைத் தாண்டி நடக்கும் கூட்டம் அந்தக் கஷ்டத்தைப் பெருமளவு ஈடு செய்கிறது.

டெக்சஸைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2013 வரை ஆலையில் ஒரு பாட்டில்கூட நேரடியாக விற்க முடியாது. அந்த வருஷச் சட்டம் கோப்பை விற்பனையையும் திறந்தது, பாட்டிலையும் திறந்தது. ஆனால் பாட்டில் ஆளுக்கு முப்பது நாளில் இரண்டு என்ற எல்லையோடு. அதனால் அங்கே ஆலைகள் பாரைப் பெரிதாக்கின. டிரிப்பிங் ஸ்பிரிங்ஸில் ட்ரீட்டி ஓக் மரநிழலும் உணவகமுமாக ஒரு பண்ணையையே போட்டது. குடும்பத்தோடு அரை நாள் இருந்துவிட்டுப் போகிற இடம். ஆரம்பத்தில் அவர்கள் விற்ற பர்பன் வெளியூரில் வாங்கியது. அதற்கு வைத்த பெயர் ‘ரெட் ஹேண்டட்’, அதாவது கையும் களவுமாக. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்தமாகக் காய்ச்சியது பிறகு ‘கோஸ்ட் ஹில்’ என்று வந்தது. டெக்சஸ் வெயிலில் பீப்பாய் வேகமாக வேலை செய்யும், வேகமாக வற்றவும் செய்யும். சரக்குக் கடைகள் மூடும் ஞாயிற்றுக்கிழமையில் ஆலையிலும் பாட்டில் கிடைக்காது, கோப்பை மட்டும் கிடைக்கும். சுற்றுலாக் கூட்டம் வருவதோ ஞாயிற்றுக்கிழமை.

வர்ஜீனியாவைப் புரிந்துகொள்ள நமக்குத்தான் எளிது, டாஸ்மாக் பழகியவர்கள் இல்லையா. சரக்கு பாட்டில் சில்லறை விற்பனை அங்கே மாநில அரசின் கையில். அப்படியானால் ஆலைவாசலில் பாட்டில் விற்பது எப்படி? ஆலைக்காரரே அரசின் முகவராகிறார். தன் பாட்டிலைக் காகிதத்தில் அரசுக்கு விற்று, அரசு வைத்த விலையில், அரசு லாபத்தையும் சேர்த்து, அதே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பாட்டில் ஓரங்குலம் நகர்வதில்லை, பணம் மட்டும் அரசிடம் போய்த் திரும்புகிறது, முழுசாகத் திரும்புவதும் இல்லை. வந்தவருக்கு ஊற்றிக் காட்டும் மாதிரிக்கும் இதே நடைமுறைதான்.

என்னிடம் யாராவது வந்து ஆலையும் பாரும் வைக்கப் போகிறேன், எங்கே வைக்கட்டும் என்று கேட்டால், கையில் இருப்பதைத்தான் முதலில் கேட்பேன். மூன்று நாலு வருஷம் தாங்கும் பணமும் பெரிய பீப்பாய் வைக்க இடமும் இருந்தால் கெண்டக்கி, ஆனால் வாக்கெடுப்பில் ஜெயித்த கவுண்டியா என்று பார்த்துவிட்டு. பணம் குறைவு, ஆனால் காக்டெயில் கலக்கத் தெரிந்த நல்ல ஆள் ஒருவர் கூட இருக்கிறார் என்றால், கஷ்டம்தான் என்றாலும் மாநகரக் கூட்டத்தை நம்பி நியூயார்க். நிலம் மலிவாகக் கிடைத்து, உணவகமும் நடத்தத் தெம்பிருந்தால் டெக்சஸ். வர்ஜீனியாவில் சொந்த ஊர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. எந்த ஊரானாலும் கட்டட வரைபடம் போடுகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்தக் கோடு எங்கே என்று. கொதிகலனை இறக்கிவைத்த பிறகு பாரை நகர்த்துவதற்குச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும், டிடிபிக்குப் புது வரைபடமும் அனுப்ப வேண்டியிருக்கும்.