நிலமா, பையா? மாரிக்கு ஒரு பதில், கோடைக்கு ஒரு பதில்

வீட்டுத்தோட்டம் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: மிளகாய், தக்காளி, கத்தரியை நிலத்தில் நடுவதா, மண் நிரப்பிய பையில் நடுவதா? நான் யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். அக்கா அரியாலையில், கடல்நீரேரிக்குக் கிட்ட, தாழ்வான வளவில் செய்கிறார். எங்கள் இருவருடைய அனுபவத்தையும் சேர்த்துச் சொன்னால், மாரியில் பை நல்லது, கோடையில் நிலம் நல்லது. தேசி (எலுமிச்சை) மரம் மட்டும் எந்தக் காலத்திலும் நிலத்துக்குத்தான்.

மாரியை முதலில் பார்ப்போம். எங்களுக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அக்காவின் வளவில் அந்த நாட்களில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் ஒரே கிழமையில் தக்காளி முழுவதும் படுத்துவிடும். அதையே பையில் வைத்து, அடியில் நாலு ஓட்டை போட்டு, இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்தால் தப்பிவிடும், அடைமழை நாளில் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டும் வரலாம். என் செம்மண்ணில் தண்ணீர் அப்படித் தேங்காது, பாத்தியை ஒரு சாண் உயர்த்தினால் நிலமே போதும். ஆனால் எனக்கு வேறு ஒரு தலையிடி இருந்தது, வாடல் நோய். இலை பச்சையாகவே இருக்க, செடி மத்தியானம் தொங்கும், மூன்றாம் நாள் எழும்பாது. சந்தேகம் இருந்தால் தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிடுங்கள், வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் இறங்கினால் அது பக்ரீரியா வாடல்தான். மருந்தடித்துப் பயனில்லை. நிலத்தில் அது வந்தால் அந்த இடத்தில் பல வருஷத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் நம்பி வைக்க முடியாது, பையில் வந்தால் அந்த ஒரு பையின் மண்ணை மட்டும் தோட்டத்துக்கு வெளியே கொட்டினால் முடிந்தது. வேரில் முடிச்சு முடிச்சாகக் காட்டும் வட்டப்புழுவுக்கும் இதே கதைதான். பைக்கு ஒரு குறையும் உண்டு, மழை பசளையைக் கழுவிக்கொண்டு போய்விடும். கீழ் இலைகள் வெளிறி மஞ்சளாகும்போது இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஒரு கைப்பிடி மக்கிய ஆட்டெரு போடுங்கள். (நத்தைக்கு இரண்டும் ஒன்றுதான், ராத்திரி ரோச் லைற்றோடு போய்ப் பொறுக்குவதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.)

தை பிறந்து மழை ஓய்ந்ததும் கணக்கு மாறும். பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்புப் பைக்குள் மண் கொதிக்கும், ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும், அதன்பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சும். சீமெந்து முற்றத்தில் வைத்த பைக்கு ஒரு நாளில் இரண்டு தரம் ஊற்றினாலும் போதாது. நிலத்தில் அப்படி இல்லை, பாத்திக்கு மேல் பூவரசிலையும் காய்ந்த வாழைச் சருகும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஊற்றலாம். எங்கள் ஆட்கள் பனையோலையைக் கிடங்கில் தாழ்த்தி மேலே மண் போட்டது சும்மா இல்லை, அது மெதுவாக உக்கி வேரின் கீழே ஈரத்தையும் உரத்தையும் சேர்த்து வைக்கும்.

வெயிலை விடப் பெரிய விஷயம் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கல், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பைத்தான் ஒவ்வொரு வாளியிலும் செடிக்கு ஊற்றுகிறோம். நிலத்தில் அடுத்த மாரி அதில் ஒரு பங்கைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். சின்னப் பைக்குள் அது போக இடமில்லை, மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். பையின் ஓரத்து வெள்ளைப் படிவில் நாலு சொட்டுத் தேசிப்புளி விட்டுப் பாருங்கள், நுரைக்கும். அப்படியான மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் சாடியில் வைத்த தேசியின் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. பழைய இலை மஞ்சளானால் பசளைக் குறை, புது இலை மஞ்சளானால் இந்தச் சுண்ணாம்புப் பிரச்சினை, இதை மாற்றிப் புரிந்துகொண்டு மேலும் மேலும் பசளை போடுகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அடுப்புச் சாம்பல் போடுகிறவர்களும் உண்டு, அது நிலைமையை இன்னும் மோசமாக்கும், தயவுசெய்து நிறுத்துங்கள்.

தக்காளிக் காயின் அடி கறுத்துப் போனால் முட்டைக்கோது போடச் சொல்வார்கள். செடிக்குள் கல்சியம் காய்வரை போய்ச் சேராததால்தான் கறுக்கிறது, அது உண்மை, ஆனால் எங்கள் தண்ணீரிலேயே வேண்டிய அளவு கல்சியம் இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிரம்ப ஊற்றுவதுதான் உண்மையான காரணம், பையில் அது இரட்டிப்பாக நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ஊற்றிப் பாருங்கள், அடுத்த குலை சுத்தமாக வரும்.

கோடையிலும் பைதான் முடியும் என்றால், வீட்டில் நிலமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்தானே, பெரிய உரப்பையாக எடுங்கள், பாதியைத் தும்புத்தூளும் கூட்டெருவுமாக நிரப்பி, காலை வெயில் மட்டும் படும் பக்கம் வையுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் பிடித்து, நுளம்பு போகாமல் இறுக்கி மூடி வைத்தால், தையில் மாசியில் அது பைகளுக்கு மருந்து மாதிரி.

அக்கா போன புரட்டாதியில் சாடித் தேசியை மேட்டுப் பக்கமாக ஒரு கிடங்கு வெட்டி, மாட்டெருவும் உக்கிய இலையும் போட்டு நிலத்தில் இறக்கினார். மாரி முழுவதும் மழைத்தண்ணீர் மட்டும் குடித்த மரம், தையில் விட்ட துளிரெல்லாம் கரும்பச்சை.