அலுவலகம் கட்டும் மாதச் சந்தாவில் ஒரு குடும்ப மருத்துவர்

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு இலையுதிர் காலம் வந்தால் அடுத்த ஆண்டு இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் தலைவலியும் வந்துவிடும். அலுவலகம் அனுப்பும் பட்டியலில் 'டைரக்ட் பிரைமரி கேர்', அதாவது மாதச் சந்தாவில் குடும்ப மருத்துவர், என்று ஒரு வரி இருந்தால், சில ஆண்டுகளாக அதில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே வரும் இன்ஷூரன்ஸை வரிவரியாகப் படித்துவிட்டு எடுங்கள்.

ஏற்பாடு எளியது. ஊழியர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று எங்கள் நிறுவனம் கிளினிக்குக்கு நேரடியாகக் கட்டிவிடுகிறது. எத்தனை முறை போனாலும் நாம் காசு கொடுப்பதில்லை; இன்ஷூரன்ஸுக்கு பில்லும் போவதில்லை. வழக்கமான முறையில் நோயாளி நேரில் வந்து பில் போட்டால்தான் மருத்துவருக்கு வருமானம். அதனால் இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று ஓடுகிறார். சந்தா முறையில் சில நூறு பேரோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. முதல் சந்திப்பிலேயே மருத்துவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். மாத்திரைகள் அத்தனையையும் மேசைமேல் பரப்பச் சொல்லி, ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்தார். சென்னையில் எழுதிக் கொடுத்த கூட்டு மாத்திரையிலும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்து, இங்கே கொடுத்ததிலும் அதே மெட்ஃபார்மின். அதுவரை பார்த்த எந்த மருத்துவருக்கும் அதைக் கவனிக்க நேரம் இருந்ததில்லை. இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை இட்லி என்றுகூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இப்போது வீட்டில் எடுக்கும் சர்க்கரை அளவைச் செல்பேசியில் அனுப்பினால் பெரும்பாலும் மாலைக்குள் பதில் வந்துவிடுகிறது. முன்பு அந்த இரண்டு வரிப் பதிலுக்காக அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) ஏழுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்கிறது.

கிளினிக் வாசலைத் தாண்டினால் எல்லாம் பழையபடிதான். இதய நிபுணரிடம் அனுப்பினார்கள். டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, தீரும்வரை முழுத் தொகையும் கையிலிருந்துதான் போயிற்று. சந்தாவைக் கொண்டுவந்த அதே ஆண்டில் நிறுவனம் டிடக்டிபிளை உயர்த்தியிருந்தது. அது நியாயமே இல்லை. மருத்துவக் கொள்கைகளை ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பின் கணக்குப்படி, 2024-இல் அலுவலக இன்ஷூரன்ஸில் ஒரு குடும்பத்துக்கான ஆண்டு பிரீமியம் சராசரியாக 25,572 டாலர். முதலாளிகள் வழி தேடுவது புரிகிறது. அதற்காக, நல்ல மருத்துவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் சுமையை ஊழியர் தலையில் இறக்கக் கூடாது.

உடனே பணம் மிச்சமாகும் என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். ஆக்சுவரிகள் (இன்ஷூரன்ஸ் செலவைக் கணக்கிடும் நிபுணர்கள்) சங்கத்துக்காக மில்லிமன் என்ற ஆலோசனை நிறுவனம் செய்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், சந்தா மருத்துவரிடம் இருந்த ஊழியர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் சந்தாவையும் சேர்த்துப் பார்த்தபோது முதலாளிக்கு லாபம் தெரியவில்லை. சியாட்டில் பகுதியில் இந்த முறைக்கு முன்னோடியாக இருந்த க்விலையன்ஸ் என்ற கிளினிக் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டது. கிளினிக் நிலைக்குமா என்பதையும் பார்த்துத்தான் சேர வேண்டும்.

ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தச் சந்தா இருந்தால் ஹெச்எஸ்ஏ கணக்கில் (மருத்துவச் செலவுக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் கணக்கு) பணம் போட முடியாது என்பதே வருமான வரித்துறையின் நிலையாக இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் 2026 ஜனவரி முதல் அதை மாற்றிவிட்டது. அதற்குச் சந்தா தனிநபருக்கு மாதம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலருக்குள் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவருகிறவர்கள் கிளினிக்கில் இன்னொன்றையும் விசாரியுங்கள். பார்வையாளர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு உதவாது. இந்தக் கிளினிக்கில் காட்ட இன்ஷூரன்ஸே தேவையில்லை என்பதால், அம்மா வந்திருந்தபோது அவருக்குத் தனிச் சந்தா கட்டி இதே மருத்துவரிடம் காட்டினோம். எல்லா கிளினிக்குகளும் குறுகிய காலத்துக்குச் சேர்த்துக்கொள்வதில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.