காற்றும் வெளிச்சமும் உள்ள படிக்கட்டு: ஒரு வடிவமைப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

கோவையில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இருண்ட படிக்கட்டைத் தீப்பாதுகாப்புக்கு ஏற்றவாறு மாற்றித் தர, உள்ளூர்க் கட்டடக்கலை அலுவலகம் ஒன்றை நலச்சங்கத்தின் சார்பில் அமர்த்தினோம். வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டதால், நிறைகுறைகளைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

பார்வையிட வந்தவர்களின் கண் முதலில் போனது படிக்கட்டின் அடியில் இருந்த மின்மீட்டர் பெட்டிகள் மீதுதான். அங்கே தீப்பிடித்தால், சூடான புகை மேலெழுந்து மூடிய படிக்கட்டு முழுவதையும் நிறைத்துவிடும் என்பதால், அவற்றை வெளிச்சுவருக்கு மாற்றிய பிறகே சன்னலைப் பற்றிப் பேசலாம் என்று உறுதியாக நின்றார்கள். அந்த வரிசை மிகச் சரியானது.

இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் படிக்கட்டுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சுவரில் 0.5 சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. திறக்கவே முடியாத பழைய கண்ணாடிகளை அகற்றி, சாய்வான பலகைகளை அடுக்கிய லூவர் சன்னல் பொருத்தியபோது, சன்னல் சட்டகத்தின் மொத்த அளவைக் கணக்கில் கொள்ளாமல், பலகைகளுக்கு இடையே காற்று போகும் இடைவெளியை மட்டும் டேப் வைத்து அளந்து கூட்டினார்கள். உச்சியில், மொட்டைமாடிப் படியறையின் கூரையை ஒட்டி, எப்போதும் திறந்திருக்கும் புகைவழி ஒன்றும் அமைத்தார்கள். இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு அருகே வரவிருந்த திறப்பை, அங்கிருந்து வரும் புகை படிக்கட்டுக்குள் புகுந்துவிடும் என்று மறுபக்கம் நகர்த்தியது அவர்களுடைய அனுபவத்தைக் காட்டுகிறது. தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகளும் நன்றாகவே இயங்குகின்றன. அவற்றுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து வைக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டியது குடியிருப்போரின் பொறுப்பு.

குறைகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் லூவர் வழியே சாரல் அடித்து, வழவழப்பான ஓடுகளில் நீர் தேங்கியது. ஓடி இறங்க வேண்டிய படியில் வழுக்கலை விட ஆபத்து வேறில்லை. கேட்டதும் வந்து சொரசொரப்பான கல்லும் வடிகாலும் அமைத்துக் கொடுத்தார்கள் என்றாலும், இதை வரைபடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். பகல் வெளிச்சம் இரவில் உதவாது என்று தெரிந்திருந்தும், மின்கலத்தில் எரியும் அவசர விளக்குகளைக் கூடுதல் செலவாகத் தனியே காட்டியதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த நம் மாநிலத்தில், தப்பும் வழியின் எந்தப் பகுதியையும் விருப்பத் தேர்வாக வைக்கக் கூடாது.

கட்டணம் சற்று அதிகம்தான். ஆனாலும் இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அமர்த்துவோர் மழைநீர் வடிகாலையும் அவசர விளக்கையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.