அப்டேட்டுக்கு அப்புறம் நெட் ஸ்லோவா? ரிமோட்ல சரி பண்றோம்னு வர்றவங்கள நம்பாதீங்க, 4,800 போச்சு

4,800 ரூபாய் போயிடுச்சு. வாங்கினவன் ஒரு துரும்பைக்கூட உருப்படியா நகர்த்தல, நல்லா இருந்ததையும் கெடுத்துட்டுப் போயிருக்கான். பணம் என் அக்காவோடது. அவன் சாட்ல அடிச்ச ஒவ்வொரு வரியையும் அவ சேவ் பண்ணி வச்சிருந்தா. லேப்டாப்ல என்னென்ன மாத்தினான்ங்கிறதும் தேதி நேரத்தோட அப்படியே கிடக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு இந்த ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதுறேன். பேர் போடல. தேடுற பக்கத்துல "வீட்டுல இருந்தபடியே கம்ப்யூட்டர் ரிப்பேர்"னு விளம்பரமா மேல வந்து நிக்கிற வகை அது. என்ன பார்க்கணும், எந்த வரிசையில பார்க்கணும்னு கடைசியில சொல்றேன்.

விண்டோஸ் 11ல அப்டேட் ஏறி ரீஸ்டார்ட் ஆனதுல இருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருந்திருக்கு. அதே வைஃபைல போன் மட்டும் வேகமா ஓடுது. இதை அவ முதல் வரியிலேயே சொல்லிட்டா. வேலை தெரிஞ்சவனுக்கு அது போதும், கோளாறு லைன்ல இல்ல, லேப்டாப்ல. அடுத்து கேட்க வேண்டியது, "வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல லிங்க் ஸ்பீடு, அதாவது லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல இருக்கிற வேகம், எவ்வளவு காட்டுது?" சாட் முழுக்கத் தேடிட்டேன், அந்தக் கேள்வியே இல்ல.

"செக்கப் இலவசம் மேடம், பிரச்சினை இருந்தா மட்டும் சார்ஜ்"னு சொல்லி ரிமோட் சாஃப்ட்வேரை இறக்க வச்சிருக்கான். உள்ள வந்ததும் நேரா ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தனக்குள்ள நடக்கிறதை எல்லாம் குறிச்சு வைக்கிற லாக்கைக் காட்டுற இடம். அதுல "அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஈவென்ட்ஸ்"னு ஒரு பகுதி இருக்கு. எல்லா லாக்லயும் இருக்கிற எரரையும் வார்னிங்கையும் பொறுக்கி ஒரே இடத்துல குவிச்சுக் காட்டுறது அது. எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும், நேத்து வாங்கின புதுசா இருந்தாலும், சிவப்பும் மஞ்சளுமா நிறைய வரும். அவன் மவுஸை மெதுவா கீழ இழுத்துக்கிட்டே, "பாருங்க மேடம், இவ்வளவு எரர் இருந்தா நெட் எப்படி ஓடும்?"னு அடிச்சிருக்கான். அவன் சுட்டிக் காட்டினதுல பாதி 10016ங்கிற எண். அது இருந்தா கண்டுக்க வேண்டாம்னு மைக்ரோசாஃப்ட்டே அதிகாரபூர்வமா எழுதி வச்சிருக்கு.

அதோட நிறுத்தல. கருப்பு விண்டோவைத் திறந்து நெட்ஸ்டாட் ஓட விட்டிருக்கான், கம்ப்யூட்டரோட நெட் இணைப்புகளைப் பட்டியல் போடுற கமாண்ட் அது. பிரவுசர்ல நாலு டேப் திறந்திருந்தா நாற்பது வரி வரும். உங்க கம்ப்யூட்டர் பேசிக்கிட்டு இருக்கிற சர்வர் எல்லாம் "ஃபாரின் அட்ரஸ்"ங்கிற தலைப்புக்குக் கீழ வரிசையா நிக்கும். எதிர்முனையோட முகவரி, அவ்வளவுதான். அவன் சொன்னது, "இவங்க எல்லாம் வெளிநாட்டுல இருந்து உங்க சிஸ்டத்துக்குள்ள உக்காந்திருக்காங்க." அடுத்த வரி, "இந்த லேப்டாப்ல பேங்க் பாஸ்வேர்டு போடுவீங்களா மேடம்?"

அந்த வரியிலதான் அவ நம்பிட்டா. ஸ்லோவா இருக்கேன்னு போனவளை, காசு திருடு போயிடுமோன்னு பயப்பட வச்சாச்சு. கார்டு விவரம் போட அஞ்சு நிமிஷம் ஆகல. 4,800.

அந்த 4,800க்கு நடந்த வேலை இது. டெம்ப் ஃபைலையும் பிரவுசர் கேஷையும் அழிச்சான். கேஷை அழிச்சா எல்லாப் படத்தையும் மறுபடி இறக்கணும், அதனால முதல்ல இன்னும் ஸ்லோவாத்தான் ஓடும். டிஸ்க் க்ளீனப்ல "பழைய விண்டோஸ்" ஃபோல்டரை டிக் பண்ணித் தூக்கிட்டான். பாவி பண்ணினதுலேயே பெரிய அநியாயம் இது. வெர்ஷன் மாறுற பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் 10 நாளுக்குள்ள பழையதுக்கே திரும்பிப் போக அந்த ஃபோல்டர்தான் வழி. அது போனா ரெக்கவரியில "கோ பேக்" பட்டன் வேலை செய்யாது. அப்புறம் ஒரு "ஸ்பீடு பூஸ்டர்", கூடவே பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன். எல்லா வெப்சைட்லயும் இருக்கிற டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும் அதுக்கு அனுமதி. பூஸ்டர் ப்ராக்ஸியை (நெட் போற வழியில நடுவுல நிக்கிற இடைத்தரகர்) 127.0.0.1க்கு, அதாவது அந்த லேப்டாப்புக்கே மாத்தி வச்சிருக்கு, திறக்கிற ஒவ்வொரு பக்கமும் அது வழியாத்தான் போகுது. விண்டோஸ் அப்டேட் சர்வீஸை டிசேபிள் பண்ணி, "இனிமே இந்தத் தொல்லை வராது"ன்னு அடிச்சிருக்கான். தொல்லை மட்டுமா வராது, பாதுகாப்பு பேட்ச்சும் வராது. கடைசியா ஒரு "டிரைவர் அப்டேட்டர்" (டிரைவர்ங்கிறது வைஃபை கார்டு மாதிரி பாகங்களை விண்டோஸ் இயக்க உதவுற சாஃப்ட்வேர்). அது செஞ்ச கேட்டைக் கீழ சொல்றேன்.

மறுநாள் இன்னும் ஸ்லோ. அக்கா கேட்டதுக்கு "ஆப்டிமைசேஷன் செட்டில் ஆக 24 மணி நேரம் ஆகும்"னு பதில். அப்புறம் டிக்கெட் நம்பர் ஒண்ணு. அப்புறம் "சீனியர் டெக்னீஷியன் கூப்பிடுவார்". கூப்பிட்டவர், "உங்க இன்டர்நெட் கம்பெனிகிட்ட பேசுங்க மேடம், எங்க சைடு க்ளியர்"னு சொல்லியிருக்கார். போன்ல வேகமா வருதேன்னு கேட்டா, "அப்போ ஹார்டுவேர், அதுக்கு பிரீமியம் பிளான் எடுக்கணும்". பணத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு, "செஷன் முடிஞ்சிட்டா ரீஃபண்ட் கிடையாது, நீங்கதான் அக்ரி பண்ணீங்க". அதுக்கு அப்புறம் சாட்ல பதிலே இல்ல. 4,800 வாங்கும்போது இருந்த "மேடம்" எல்லாம் எங்க போச்சு?

லேப்டாப் என் கைக்கு வந்ததும் பார்த்தது செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை ப்ராப்பர்ட்டீஸ். லிங்க் ஸ்பீடு 72 எம்பிபிஎஸ், பேண்ட் (வைஃபை அலைவரிசை) 2.4 கிகாஹெர்ட்ஸ். அதே இடத்துல அப்டேட்டுக்கு முன்னாடி 5 கிகாஹெர்ட்ஸ்ல 866 வந்துக்கிட்டு இருந்த மெஷின் அது. அப்டேட் வைஃபை டிரைவரை மாத்தியிருக்கு, அந்த டிரைவர் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமே போகல. அன்னைக்கே டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டுல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், "ரோல் பேக் டிரைவர்" அழுத்தியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். இதுக்கா 4,800? ஆனா ரோல் பேக் ஒரு படிதான் பின்னாடி போகும். அந்த டிரைவர் அப்டேட்டர் மூணாவதா ஒண்ணைப் போட்டுட்டதால இப்ப பின்னாடி போனா கெட்டுப்போன டிரைவர்தான் வரும். அதனால லேப்டாப் தயாரிச்ச கம்பெனியோட சைட்ல மாடல் நம்பர் போட்டு வைஃபை டிரைவரை முதல்ல இறக்கி வச்சுக்கணும். இறக்காம பழசை நீக்கினா, இறக்க நெட்டே இருக்காது. அப்புறம் டிவைஸை அன்இன்ஸ்டால் பண்ணணும், டிரைவரையும் சேர்த்து நீக்கவான்னு கேட்கிற பெட்டியில டிக் போட்டு. ரீஸ்டார்ட், புது டிரைவர். 866 திரும்பி வந்துடுச்சு. பக்கங்கள் அதுக்கு அப்புறமும் தயங்குச்சு. பூஸ்டரை நீக்கினதும் நெட்டே நின்னுடுச்சு, ஏன்னா ப்ராக்ஸி செட்டிங் மட்டும் அங்கேயே உக்காந்திருந்தது. நெட்வொர்க் செட்டிங்ஸ்ல ப்ராக்ஸிக்குப் போய் மேனுவல் ப்ராக்ஸியை ஆஃப் பண்ணினதும்தான் சரியாச்சு.

என்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன்னு சொன்னேன். இப்ப கார்டு விஷயமா பேங்க்ல பேசணும், அவசரத்துக்கு இது மட்டும்.

அப்டேட் ஆன அன்னைக்கு ஸ்லோவா இருந்தா சார்ஜர்ல போட்டு ஒரு ராத்திரி விடுங்க. பின்னாடி இண்டெக்ஸிங்கும் (தேடுறதுக்கு ஃபைல்களைப் பட்டியல் போடுறது) வைரஸ் ஸ்கேனும் மிச்ச இன்ஸ்டால் வேலையும் ஓடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், எது தின்னுதுன்னு தெரிஞ்சிடும்.

மறுநாளும் அப்படியேன்னா முதல்ல லிங்க் ஸ்பீடு. அது சரியா இருந்தா ப்ராக்ஸி, அப்புறம் எக்ஸ்டென்ஷன். இன்காக்னிட்டோ விண்டோவுல எக்ஸ்டென்ஷன் வழக்கமா ஓடாது, அதுல வேகமா வந்தா எக்ஸ்டென்ஷன் மேலதான் சந்தேகப்படணும். அப்டேட் செட்டிங்ஸ்ல "டெலிவரி ஆப்டிமைசேஷன்"ல அப்டேட் ஃபைலை மத்த கம்ப்யூட்டர்களோட பகிர்றதை ஆஃப் பண்ணுங்க.

ஈவென்ட் வியூவரையோ நெட்ஸ்டாட்டையோ காட்டி எவனாவது பயமுறுத்தினா அந்த நிமிஷமே வைஃபையை அணைங்க.

ஏற்கெனவே உள்ள விட்டுட்டீங்கன்னா ரிமோட் சாஃப்ட்வேரை மூடினா பத்தாது, அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அக்கா லேப்டாப்ல அது விண்டோஸோட சேர்ந்து தானா ஸ்டார்ட் ஆகுற மாதிரி, அவன் பாஸ்வேர்டோட கிடந்தது. உங்க பாஸ்வேர்டை எல்லாம் வேற மெஷின்ல இருந்து மாத்துங்க. சாட்டை அழிக்காதீங்க, பேங்க்ல புகார் கொடுக்க அது வேணும்.