உருளை அலமாரிக்கு மாற்று உறுப்புகள்: அசலும் அசல் போன்றதும்

பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில் அதை விற்றவர், "தையல் சாமான் வைக்கிற அலமாரி" என்றுதான் சொன்னார். ஓக் மரம், இடுப்பளவு உயரம், ஐந்து இழுப்பறைகள். ஒன்றை இழுத்துப் பார்த்தேன். அடிப்பலகையில் வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை வெளிறிய வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் காய்ந்து பொரிந்த வச்சிரப் பசை. மூலையில் மட்டும் கட்டைவிரலைவிடத் தடித்த மர முளைகள் சில நின்றுகொண்டிருந்தன. நூல்கண்டுக்கு இவ்வளவு பெரிய முளை எதற்கு? எடிசன் காலத்து ஃபோனோகிராஃப் உருளைகளை, அதாவது இசைத்தட்டு போலப் பாட்டுப் பதிந்த உருளைகளை, நிறுத்தி வைக்கும் அலமாரி அது. விலை பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணினால், 120 முளைகள் இருக்கவேண்டிய இடத்தில் 43 இருந்தன. பத்துக் கைப்பிடிகளில் ஆறு. நான்காம் இழுப்பறைக்கு முகப்புப் பலகையே இல்லை. யாரோ ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை ஆணியடித்திருந்தார்கள். இத்தகைய அலமாரிகளை மிச்சிகன் மாநிலத்துச் சாகினாவில் ஹெர்சாக் போன்ற நிறுவனங்கள் செய்து குவித்தன. அதனால் மாற்று உறுப்பு செய்பவர்களும் பெரும்பாலும் அமெரிக்காவில்தான். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு முளைக்கும் ஒரு கைப்பிடிக்கும் எத்தனை வழி உண்டு என்று தேடியதில் ஓராண்டு ஓடிவிட்டது.

முளையிலிருந்து தொடங்குகிறேன். பார்வைக்கு அற்பமானது அதுதான், ஆனால் உருளையைத் தொடுவதும் அது ஒன்றுதான். வழக்கமான உருளை சுமார் 4¼ அங்குல நீளம்; குறுக்களவு 2¼ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உள்துளை நேராக இருக்காது, ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். 1902இல் எடிசன் வார்ப்பு உருளைகளைக் கொண்டுவந்த பிறகு பாட்டின் பெயரைக் குறுகலான முனையின் விளிம்பில் பொறித்தார்கள். பெயர் மேலே தெரியும்படி நிறுத்தினால் குறுகல் மேலே வரும். முளை அந்தக் குறுகலுக்குள் தாராளமாகப் போகவேண்டும். இறுகினால் தொல்லை. மெழுகு உருளை சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். இறுக்கமான முளையின் மேல் சுருங்கினால் நெடுகப் பிளந்துவிடும். 1912இல் வந்த நீல அம்பெரால் உருளைகளுக்கு வேறு சிக்கல். அவை செல்லுலாய்ட், உள்ளே பாரிஸ் சாந்து. நம் ஊர் ஈரத்தில் சாந்து ஊதும், துளை குறுகும். சாகினாவில் சரியாகப் போன முளை இங்கே ஆயர் ஈத்தாமில் சிக்கிக்கொள்ளலாம்.

முதல் வழி, மரத்தில் கடைவது. புக்கிட் மெர்தாஜாமில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் பழைய முளை ஒன்றைக் கொடுத்தேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு எதுக்கு ஓக்கு? நம்ம பால்மரம் போதும்" என்றார். அவர் சொன்னது பாதி சரி. ரப்பர் மரம் வெளிறிய நிறம், நுண்ணிய இழை, கடைவதற்கு வெண்ணெய் போல இருக்கும், விலையும் குறைவு. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் மாவுப்பூச்சி விழும், நீலப் பூஞ்சணமும் பிடிக்கும். போரான் ஏற்றிச் சூளையில் உலர்த்திய கட்டையாகக் கேட்டு வாங்கினால் அந்தக் கவலை இல்லை. அப்படித்தான் வாங்கினோம்.

இரண்டாவது, அட்டைக் குழாய். இதை மலிவுச் சமாளிப்பு என்று நினைக்கவேண்டாம். அந்தக் காலத்திலேயே சில அலமாரிகளில் அட்டை முளைகள்தான் இருந்தன. உங்கள் அலமாரியில் மிஞ்சியிருப்பது அட்டை என்றால் மரத்தில் கடைந்து வைப்பதுதான் பொய். கனமில்லாதது, உருளை இடித்தாலும் வலிக்காது. துணிக்கடையில் துணி சுற்றி வரும் குழாயை வாங்கி வெட்டிப் பார்த்தேன். லேபோ பசாரில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தது. அக்டோபர் மழையில் அடிப்பக்கம் உப்பி, சுருள் பிரிந்து, வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. மெழுகு உருளைக்குப் பூஞ்சணத்தைவிடப் பெரிய பகை இல்லை. அது மெழுகையே தின்னும். தின்ற இடத்தில் ஊசி ஓடும்போது கடுகு தாளிக்கிற சத்தம்தான் கேட்கும், பாட்டு கேட்காது. குளிரூட்டி நாள் முழுக்க ஓடும் அறையில் வைப்பவர்களுக்கு அட்டை சரி. எங்கள் வீட்டுக்குச் சரிவராது.

மூன்றாவது, முப்பரிமாண அச்சு. என் அண்ணன் மகன் ஒரே இரவில் பன்னிரண்டு அச்சிட்டுக் கொடுத்தான். அளவு மயிரிழை பிசகவில்லை, ஈரம் ஏறாது, பூச்சி அரிக்காது. ஆனால் அச்சுப் படிகளின் வரி கையில் உரசுகிறது, தேய்க்காமல் விட்டால் உருளையின் உட்புறத்திலும் உரசும். பழுப்பு நிறச் சாயம் அடித்தாலும் மரமாகத் தெரியவில்லை. மூடிய இழுப்பறைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நான் பார்ப்பேன். இன்னொன்று, மலிவான பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 பாகை வெப்பத்தை நெருங்கும்போதே தளர ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய வேனில் அலமாரியைக் கொண்டுபோனால் முளைகள் சாய்ந்து நிற்கலாம். அளவு சரிபார்க்கும் மாதிரியாக மட்டும் அதை வைத்துக்கொண்டேன். அதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. கடைசல் அண்ணன் அந்த மாதிரியைப் பார்த்து, பழைய முளையைவிடக் குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்தார். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் பினாங்கு ஈரத்துக்கு நாங்கள் விட்ட இடம்.

ஆக, முளைக்கு மரம். முளைத் தலையில் கம்பளித் துணி ஒட்டுகிறவர்கள் உண்டு. இங்கே வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

முகப்புப் பலகை வேறு கதை. இது கண்ணுக்குத்தான், அதனால் கண் ஏமாறக் கூடாது. பழைய பலகைகள் கால்வெட்டு ஓக், அதாவது அடிமரத்தை நான்காகப் பிளந்து அறுத்தவை; குறுக்கே புலிவரி போல மினுங்கும் கதிர்கள் ஓடும். நியாத்தோ என்ற உள்ளூர் மரத்தில் சாயம் ஏற்றி வைத்துவிடலாம் என்றார்கள். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் நிறத்தை ஏற்றலாம், புலிவரியை எங்கே போய் ஏற்றுவது? நான்கு பலகை மினுங்க, ஒன்று மட்டும் மொட்டையாக நிற்கும். நம் காட்டிலேயே ஓக் குடும்பத்து மரம் உண்டு, மெம்பெனிங் என்பார்கள். கால்வெட்டில் அதிலும் கதிர் தெரியும். மனத்துக்குப் பிடித்த யோசனை, ஆனால் எங்கள் வேலைக்குத் தேவை ஒரு முழம் பலகை. அந்த ஒரு முழத்துக்காக எந்த மரவாடியும் மரத்தைத் திருப்பிப் போட்டு அறுக்காது. புதிய அமெரிக்க ஓக் கோலாலம்பூரில் கிடைக்கிறது, வாங்கியும் பார்த்தேன். நூறு வருட மரத்துக்குப் பக்கத்தில் அது பச்சைக் குழந்தை. மூடிய பெட்டியில் தட்டில் அம்மோனியா ஊற்றி ஓர் இரவு வைத்தால் ஓக்கில் உள்ள டானின் கறுத்து நிறம் இறங்கும், பழைய முறைதான். செய்தோம். நெடியில் பக்கத்து வீட்டு ஆன்டி மூன்று நாள் பேசவில்லை. நிறம் கிட்டத்தட்ட வந்தது, தோற்றம் வரவில்லை.

கடைசியில் தீர்வு கிடைத்தது உடைந்த ஓர் ஆங்கிலேயர் காலத்து மேசையின் பக்கப் பலகையில். காலில் கரையான் ஏறியதால் தூக்கிப்போட வைத்திருந்தார்கள். அதே வயது, அதே வெட்டு. பழைய பொருளை அறுத்து இன்னொரு பழைய பொருளுக்கு வைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. மேசை பிழைக்கக்கூடியதாக இருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன்.

கைப்பிடியில் அதிகம் பேச ஒன்றுமில்லை, ஒரு தவறைத் தவிர. அமெரிக்காவிலிருந்து வரும் நகல் பித்தளைக் கைப்பிடி நன்றாகவே இருக்கிறது. தபால் செலவு கைப்பிடியைவிட அதிகம். உள்ளூர் வார்ப்பட்டறையில் அசலையே அச்சாக வைத்து மணலில் வார்த்துக் கேட்டேன். அழகாக வந்தது, ஆனால் துளை பொருந்தவில்லை. பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். மூன்று அங்குல இடைவெளியில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அசலின் துளையைப் பெரிதாக்கக் கை வரவில்லை. அடுத்த முறை அந்த அளவு கூட்டி மெழுகில் அச்சு செய்து வார்த்தோம், சரியாயிற்று. இதற்குள் அம்மா, "ஒன்னு மட்டும் பளபளன்னு இருக்கு, மத்ததெல்லாம் அழுக்கா இருக்கே" என்று மிச்ச ஆறையும் குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். நூறு வருடக் கருமை அரை மணி நேரத்தில் போயிற்று. அவரிடம் என்ன சொல்வது? நன்றாகத்தான் தேய்த்திருந்தார். இப்போது பத்தும் ஒரே நிறம்.

திருகாணி பற்றி ஒரு வார்த்தை. பிலிப்ஸ் தலை 1930களில்தான் வந்தது. இந்த அலமாரியில் அது இருந்தால் தெரிந்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். ஒற்றை வெட்டுத் தலைப் பித்தளைத் திருகாணி போடுங்கள். இரும்பு போட்டால் ஓக்கின் டானினும் நம் ஈரமும் சேர்ந்து சுற்றிலும் மை கொட்டினாற்போல் கறுத்துவிடும். பசைக்கு, முளைகளை வச்சிரத்தில் ஒட்டினேன். ஈரத்தில் தளரும் என்பது தெரியும். தளர்ந்தால் சுடுதண்ணீர் வைத்து எடுத்து மறுபடி ஒட்டலாம், வெள்ளைப் பசையில் அது நடக்காது. தரை துடைக்கும் தண்ணீர் படும் அடிக்கால்களுக்கு மட்டும் எப்பாக்சி. அங்கே நேர்மையைவிடப் பிடிப்பு முக்கியம்.

மெருகுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தளவாடப் பட்டறைகளில் யாரைக் கேட்டாலும் பியூ, அதாவது பாலியூரிதேன் பூச்சு, அடிக்கச் சொல்வார்கள். தண்ணீர் தாங்கும், தே தாரிக் கோப்பையை மேலே வைத்தாலும் வட்டம் விழாது. ஆனால் மரத்தின் மேல் கண்ணாடிக் காகிதம் போர்த்தினாற்போல் இருக்கும். பின்னால் யாராவது சரிசெய்ய நினைத்தால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அசல் பூச்சு அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்தது. பழைய பூச்சின் மேல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஓட்டினாலே அது இளகிப் புதியதோடு கலந்துவிடும், இணைப்பே தெரியாது. குறை என்னவென்றால் ஈரக் காற்றில் பூசினால் பால் தெளித்தாற்போல் வெளுத்துப்போகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. விடிகாலை குளுமையில் வேலை செய்யலாம் என்று நினைத்து இரண்டு முறை கெடுத்தேன். இங்கே விடிகாலையில்தான் ஈரம் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில், மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள், மெல்லிய கைகளாகப் பூசியபோது ஒரு பொட்டு வெளுப்பு இல்லை. பியூவுக்கு நாள் பார்க்கவேண்டாம், அரக்குக்குப் பார்க்கவேண்டும். நான் நாள் பார்த்தேன்.

புதிய முளை ஒவ்வொன்றின் அடியிலும், மாற்றிய பலகையின் பின்புறத்திலும் பென்சிலால் ஆண்டு எழுதியிருக்கிறேன். கடைசல் அண்ணன், "எழுதிட்டா விலை குறையுமே தம்பி" என்றார். குறையட்டும்.

முப்பது நீல அம்பெரால் உருளைகள் கீழ் இழுப்பறைகளில் நிற்கின்றன. மெழுகு உருளைகள் நான்குதான், அவற்றை மழைக்காலத்தில் அங்கே விடுவதில்லை. ஈரமுறிஞ்சி போட்ட டப்பாவுக்குள் போய்விடும். மேல் இழுப்பறை காலியாக இருப்பதைப் பார்த்து அம்மா தன் நூல்கண்டுகளை முளைக்கு ஒன்றாக மாட்டிவிட்டார். சந்தைக்காரர் சொன்னது போலவே ஆகிவிட்டது.