சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஜெர்ரி கேன்: ஆறு மாதம் புழங்கிய பிறகு

திருப்பாதிரிப்புலியூரில் பந்தல், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஜெனரேட்டருக்கு டீசல் தூக்குவது எனக்கு அன்றாட வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் ஒன்று வாங்கினேன். பச்சை பெயிண்ட், ராணுவத்தில் கழித்துவிட்டது என்று சொல்லித்தான் விற்றார்கள், விலை 1,300 ரூபாய். அந்தக் காசுக்கு நாலு பிளாஸ்டிக் கேன் வருமே என்று வீட்டில் கேட்டார்கள், வரும்தான், ஆனால் பிளாஸ்டிக் கேனோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூரில் கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை என்று சொல்லும்படி இருந்தது. தெருத் தெருவாக என் ஜெனரேட்டரைக் கொண்டுபோய் மோட்டார் ஓட்டி மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தேன். அப்போது பங்கில் டீசல் கிடைத்தது, வாங்கி வரத்தான் உருப்படியான கேன் இல்லை. இருந்த மூன்றில் ஒன்று அடியில் வெடித்து, மினி ஆட்டோ முழுக்க டீசல் ஓடியது. வரிசையில் மணிக்கணக்காக நின்று வாங்கியதை ரோட்டில் கொட்டிவிட்டு வந்த அன்றைக்கு வந்த அழுகை இன்னும் மறக்கவில்லை.

உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இதே நிலையில்தான் இருந்தது என்று பின்னால் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1940லிருந்து 1942 வரை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அவர்கள் பெட்ரோலை 4 காலன் தகர டின்னில் அடைத்து அனுப்பினார்கள். 4 காலன் என்றால் சுமார் 18 லிட்டர், நம் வீடுகளில் மண்ணெண்ணெய் வந்த பழைய தகர டின் இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். லாரி குலுங்கக் குலுங்க ஒட்டு விட்டுப்போகும், மேல் டின்னின் பாரத்தில் கீழ் டின் நசுங்கும். முன்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் 30 சதவீதம் வீணாகிறது என்று அங்கே தளபதியாக இருந்த ஆக்கின்லெக்கே கணக்குச் சொன்னார். அத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்த பெட்ரோல் மணலில் போயிற்று.

சரி, சிப்பாய்கள் என்ன செய்தார்கள்? டின்னைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, அதில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி டீ போட்டார்கள், அதற்கு பெங்காசி அடுப்பு என்றே பெயர் வந்துவிட்டது. அப்புறம் எதிரியான ஜெர்மன் ராணுவத்திடமிருந்து பிடித்த இந்த மாதிரி இரும்பு கேன்களைப் பொன்னாகப் பாவித்தார்கள். ஜெர்மன்காரர்களை அவர்கள் ஜெர்ரி என்பார்கள், அதனால் ஜெர்ரி கேன். பிறகு அதைப் பார்த்து அச்சு அசலாக பிரிட்டனிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

இனி கேனைப் பற்றி. கடைக்காரப் பெரியவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவராம். "தம்பி, வெளியில என்ன பார்க்குறீங்க, மூடியத் திறந்து டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, துரு இருந்தா வேற எடுங்க" என்று அவரே சொன்னார். அப்படிச் சொல்லும் வியாபாரியிடம் தைரியமாக வாங்கலாம். மேலே ஏன் மூன்று கைப்பிடி என்று கேட்டதும் செய்தே காட்டினார். நிறைந்த கேன் என்றால் நடுப்பிடியில் ஒருத்தர் தூக்கலாம், இல்லை ஆளுக்கு ஒரு ஓரப்பிடியாக இரண்டு பேர் தூக்கலாம். காலி கேன்களை அடுத்தடுத்து வைத்து ஓரப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கைக்கு இரண்டு. டீசல் நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் வருகிறது, என் பையன்கள் இரண்டு பேர் இப்போது அப்படித்தான் தூக்குகிறார்கள், இடுப்பு வலி என்ற பேச்சே இல்லை.

பக்கவாட்டில் பெருக்கல் குறி போல அமுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. தகட்டுக்கு அது பலம், வெயிலில் உள்ளே இருப்பது விரிந்தாலும் தாங்கும். இரண்டே தகடு, நடுவில் ஒரே வெல்டிங், அந்த ஒட்டும் உள்வாங்கி இருப்பதால் எதிலும் இடிபடாது. மூடி நெம்புகோல் மாதிரி ஒரு தட்டில் பூட்டிக்கொள்கிறது, திருகும் வேலை இல்லை. வாய்க்குள் ஒரு சின்னக் காற்றுக்குழாய் இருக்கிறது, அதனால் ஊற்றும்போது குபுக் குபுக் என்று துள்ளாது.

1939ல் பால் பிளைஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் பெர்லினிலிருந்து ஒரு ஜெர்மன் நண்பரோடு தரைவழியாகவே இந்தியாவுக்கு வண்டியில் கிளம்பினார். அவசரத்துக்குத் தண்ணீர் வைக்க அந்த நண்பர் எடுத்து வந்தது இந்த கேன்கள் மூன்று. வண்டி கல்கத்தா வரை வந்தது. பிளைஸ் ஊருக்குப் போய் அமெரிக்க ராணுவத்திடம் சொன்னபோது முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் செய்தபோதும் வெல்டிங்கை மாற்றி, மூடியைத் திருகுமூடி ஆக்கினார்கள், திறக்க ஸ்பேனர், ஊற்றப் புனல் என்று ஆயிற்று. நல்ல பொருளைக் கண்ணால் பார்த்த பிறகும் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1944ல் பிரான்சில் முன்னேறிய வேகத்தில் காலி கேன்களை வழியெல்லாம் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் பெட்ரோல் பிடிக்கக் கேன் பற்றாமல் போய், பொறுக்கிக் கொண்டுவரும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார்கள்.

குறையும் உண்டு. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது, முதல் நாளே பாயில் டீசல் வாடை. கடையில் வாஷரும் இல்லை, ஊற்றும் குழாயும் இல்லை. வாஷரை ரப்பர் ஷீட்டில் வெட்டிப் போட 60 ரூபாய், குழாயை லேத்தில் செய்ய 350. அதையும் சேர்த்தே விலையாக நினைத்துக்கொள்ளுங்கள். கடல் காற்றில் அடிப்பக்கம் பெயிண்ட் உரிகிறது, ஒருமுறை ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன். இந்த ஆறு மாதத்தில், வாஷர் மாற்றிய பிறகு, ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் நல்லது போய்விடும். கேனை முகர்ந்து பாருங்கள், அமிலமோ பெயிண்டோ வைத்திருந்த வாடை வந்தால் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் எனக்கு இன்னும் மூன்று வேண்டும், பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.