ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம்: இரண்டு வருடம் படித்த கதை

2023 அக்டோபரில், டெக்சாஸில் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் அக்கவுண்டிங் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று யாரும் கேட்காத படிப்பு இது. பாடம் தெரியும் என்று தேர்விலோ கட்டுரையிலோ காட்டிவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். குறையும் சொல்லப்போவதால் கல்லூரியின் பெயர் வேண்டாம்.

கட்டணம் பாடத்துக்கு இல்லை, ஆறு மாத டெர்முக்கு. ஊரில் மாமனார் கடைக் கணக்கு எழுதிய பழக்கத்தில் முதல் பாடம் 11 நாளில் முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் ஏழு வாரம் இழுத்தது. இரண்டுக்கும் தனித்தனிக் காசு கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம். எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தவரை அரசு உதவி எதுவும் இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் நிரப்பினேன். திருப்பித் தர வேண்டாத அரசு உதவியான பெல் கிராண்ட் அந்த வருடம் அதிகபட்சம் 7,395 டாலர். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கோவையில் வாங்கிய பி.இ. குறுக்கே நின்றது: ஏற்கெனவே பட்டம் இருந்தால் பெல் இல்லை, வெளிநாட்டுப் பட்டமானாலும் சரி. கிடைத்தது அரசுக் கடன்தான். 5.5 சதவீத வட்டி, படிக்கும்போதே ஏறும் வகை.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். முதல் டெர்மில் 12 கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) பதிவு செய்திருந்தேன். மூன்று மாதத்துக்குள் 9 முடிந்ததும் தலைகால் புரியவில்லை. இன்னும் 9 சேர்த்தேன். எனக்கு வழிகாட்டக் கல்லூரி வைத்திருந்த மென்டரும் "தாராளமாக" என்றார். அப்புறம் பையனுக்குக் காய்ச்சல், எனக்குக் காய்ச்சல். டெர்ம் முடிவில் 13 கிரெடிட் கையில். முதலில் எடுத்ததைவிட ஒன்று கூடுதல்தானே என்று நிம்மதியாக இருந்தால், உதவி நிறுத்தப்படலாம் என்று எச்சரிக்கை வந்தது! பதிவு செய்ததில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டுமாம். 21-க்கு 13 என்பது 62 சதவீதம். 12-ஐ மட்டும் வைத்துக்கொண்டு 9 முடித்திருந்தால்கூட 75. மென்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதன்பிறகு ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைச் சேர்த்தேன்.

அந்த மென்டரின் வாராந்திர போன் முதலில் தொல்லையாகத்தான் பட்டது. ஆசிரியரும் மாணவரும் முறையாகத் தொடர்பில் இருந்தால்தான் ஆன்லைன் படிப்புக்கு அரசுப் பணம் என்பது பிறகு தெரிந்தது. இவ்வகைப் படிப்பில் பெயர்பெற்ற வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்திடம், இந்தத் தொடர்பு போதாது என்று சொல்லி 71 கோடி டாலருக்கு மேல் திரும்பக் கேட்க வேண்டும் என 2017-இல் கல்வித் துறையின் தணிக்கை பரிந்துரைத்தது. 2019-இல் துறையே வேண்டாமென்று விட்டுவிட்டது. அவ்வளவு பெரிய தொகையைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு என் மென்டரின் போனை நான் தவறவிட்டதில்லை.

நான்காவது டெர்மில் மூன்று மாதத்திலேயே எல்லாம் முடிந்தது. மீதி மூன்று மாதக் கட்டணம் கோவிந்தா. படிப்பு முடிந்த ஆறு மாதத்தில் தவணை ஆரம்பம். அடைத்துக்கொண்டிருக்கிறேன்.